உங்கள் தண்ணீர் மேகத்தில் இருக்கிறது

நீர் வாரியத் தலைவர் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், அதை முதலிலேயே திருத்திவிடுகிறேன். இருக்கிறது. வண்டி வண்டியாக இருக்கிறது. இந்தக் கதையை நான் சொல்வதே அதனால்தான். நடுநிலையாகச் சொல்லும் ஆள் வேண்டுமென்றால் வேறு கடை பாருங்கள்.

நான் நடத்துவது சலவைக்கடை. முன்பக்கம் துணி வாங்கும் மேசையும் தராசும், பின்பக்கம் சலவை இயந்திரங்களும், அதைத் தாண்டித் துணி காயப்போடும் கொட்டகையும். இயந்திரங்களை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். அவருக்கு இயந்திரத்தோடு பேச வரும், மனிதரோடு வராது. மனிதர்கள் என் பங்கு. மேசை ஓரத்தில் மாமியார் உட்கார்ந்து அறுந்த பித்தான்களைத் தைப்பார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், வாய் அப்படியில்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரிவது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளால். மற்றவர்களின் சட்டை, பாவாடை எல்லாம் மேல்செலவுக்குத்தான் ஆகும்.

தலைவரும் எங்கள் வாடிக்கையாளர். வெள்ளைக் கோட்டு போடுவார். காப்பியும் குடிப்பார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடாது என்பது அவருக்கு இன்றுவரை உறைக்கவில்லை.

ஒருநாள் அந்தக் கோட்டைத் தூக்கிக்கொண்டு வாரியத்தின் நவீனமயமாக்கல் அதிகாரி வந்தார். இவருக்கு எங்கள் தெருவில் கிளவுட்டு என்று பேர். வாயைத் திறந்தால் கிளவுட்டு, மூடினாலும் கிளவுட்டு. கோட்டை மேசையில் போட்டவர் என் தராசையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"ஏம்மா, இது எடை சரியா காட்டுமா?"

"காட்டாம பின்ன? துணிய எடை போட்டுத்தானே சார் கூலி வாங்கறோம்."

"ஆபீசுக்கு ஒரு நாளைக்கு வேணுமே. தலைவர் உத்தரவு."

விஷயம் இதுதான். வாரியத்தில் பழைய மேசைக் கணினியை வைத்துக்கொள்வதா, இல்லை எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கு, அதாவது மேகத்துக்கு, மாற்றிவிடுவதா என்று கோப்பு சுற்றிக்கொண்டிருந்தது. அதில் தலைவர் தன் கைப்பட எழுதினாராம்: 'இரண்டையும் நன்கு எடைபோட்டுப் பார்த்து அறிக்கை தரவும்.' அதற்கென்று ஒரு குழு போட்டார்கள். எடைபோடுவது என்றால் யோசித்துப் பார்ப்பது என்றும் ஒரு அர்த்தம் உண்டே என்று குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரை வேறு அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"தலைவர் எழுதினதுக்கு நாம அர்த்தம் தேடக்கூடாதும்மா," என்றார் கிளவுட்டு. "எழுதினபடி செஞ்சுடணும். அதான் நிர்வாகம்."

மாமியார் பித்தானிலிருந்து தலையைத் தூக்கினார். "ஆபீசுல எல்லாருக்கும் மேகமா?"

"ஆமாம்மா. தலைவர்லேருந்து கடைசி ஆள் வரைக்கும், எல்லாருக்கும்."

"அடப்பாவமே. அதுக்கு லேகியம் இருக்குப்பா. வெக்கப்படாம வாங்கிச் சாப்பிடச் சொல்லு."

பழைய வைத்தியத்தில் மேகம் என்பது வெளியே சொல்லமுடியாத ஒரு சீக்கின் பேர். கிளவுட்டுக்கு அது தெரியாது. நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார்.

தராசை அவர் கையில் கொடுத்துவிட எனக்கு மனமில்லை. அரசாங்கத்துக்குள் போன பொருள் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நானே தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனேன்.

வாரியத்தின் பழைய கணினி ஆவண அறையின் மூலையில், ஒரு துவாலைக்கு அடியில் இருந்தது. ஊர் முழுக்க எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்ற அட்டவணை அதற்குள்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவரைப் பெட்டியக்கா என்போம். நான் ஒன்றும் அந்தப் பெட்டிக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. அதைத் திறக்கும் கடவுச்சொல் பெட்டியக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் தன் தங்கை பிரசவத்துக்குப் போயிருந்தபோது தண்ணீர் நேரத்தை ஒருவராலும் மாற்ற முடியாமல், உடைந்த குழாய் வழியாகப் பாதி ஊர்த் தண்ணீர் சாக்கடைக்குப் போனது. கேட்டதற்கு, "நான் இல்லேன்னா தெரியும் அருமை," என்றார். அவ்வளவு திமிர். ஆனால் ஒன்று, அப்போது திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது. நேரே போய்க் கத்தினால், முணுமுணுத்துக்கொண்டாவது ஒரு பொத்தானை அழுத்துவார்.

குழு கூடியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். கணினியை, அதன் திரையோடும் தூசியோடும் துவாலையோடும் சேர்த்து, என் தராசில் ஏற்றினார்கள். ஒருவர் எடையை உரக்க வாசித்தார், ஒருவர் எழுதினார், ஒருவர் எழுதியதைச் சரிபார்த்தார். பிறகு மேகத்தின் முறை. கிளவுட்டு தன் கைப்பேசியைத் தராசில் வைத்தார். எடை எடுத்தார்கள். அப்புறம் அதில் மேகத்தைத் திறந்துவிட்டு மறுபடி வைத்தார். முள் அசையவில்லை.

"ஒண்ணுமே இல்லை!" என்று கூவினார் ஒரு உறுப்பினர். "வெயிட்டே இல்லை!"

அறையில் கைதட்டல். மேகமே சிறந்தது என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள்.

தலைவர் எழுந்து பேசினார். அந்தப் பேச்சை நான் மறக்கவே மாட்டேன்.

"நண்பர்களே, இந்தப் பழைய பெட்டியில ஒரு பெரிய குறை இருக்கு. தப்பு நடந்தா யாரு பண்ணினதுன்னு உடனே தெரிஞ்சுடும். ஒரு பெட்டி, ஒரு நாற்காலி, ஒரு ஆள். மேகத்துல அந்த ஆபத்தே கிடையாது. எல்லாரும் எழுதலாம், எல்லாரும் அழிக்கலாம். யாரையும் கைநீட்ட முடியாது. இதைவிட ஒரு நிர்வாகத்துக்கு என்ன பாதுகாப்பு வேணும்? அதோட இது இலவசம். இலவசத்தால மிச்சமாற பணத்துல நம்ம குழு மலைமேல போய்த் தங்கி, மேகத்தை நேர்லயே ஆய்வு பண்ணிட்டு வரப்போகுது."

அப்போதே மேகத்தில் வாரியத்தின் பேரில் ஒரு கணக்கைத் தொடங்கினார்கள். எல்லாம் சுமுகமாகத்தான் போனது. அப்புறம் திரையில் ஒரு கேள்வி வந்தது. 'கணக்கின் உரிமையாளர் கைப்பேசி எண்?'

கிளவுட்டு தலைவரைப் பார்த்தார். தலைவர் துணைத்தலைவரைப் பார்த்தார். துணைத்தலைவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நாளைக்கு ஆடிட்ல கேள்வி வந்தா நம்பருக்கு உரியவரைத்தானே கேப்பாங்க?" என்றார் ஒருவர், மெதுவாக.

எல்லோர் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் சட்டைப் பைக்குள் போயின. அப்போதுதான் கதவோரம் தராசுக்காகக் காத்து நின்ற என் மேல் எல்லார் கண்ணும் விழுந்தது.

"ஏம்மா, சும்மா ஒரு நம்பர் சொல்லேன்," என்றார் தலைவர்.

நானும் சொன்னேன். பெரிய மனிதர் கேட்கிறாரே என்ற மரியாதை. வேறென்ன? தராசை மட்டும் தரவில்லை. தீர்மானத்துக்கு ஆதாரமாம். என் கண்ணெதிரே அதில் வாரியச் சொத்து என்று ஒரு வில்லையை ஒட்டி உள்ளே தூக்கிப்போனார்கள்.

அதற்குப்பின் என் கைப்பேசி ஓயவில்லை. வாரியத்தில் யாராவது கணக்கைத் திறக்கும்போதெல்லாம் ரகசிய எண் எனக்கு வரும். உடனே கிளவுட்டும் கூப்பிடுவார். "அம்மா, நம்பர் வந்துச்சா?" நான் சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணைச் சொல்வேன். ஊருக்கே தண்ணீர் விடும் வேலையில் நமக்கும் பங்கு இருக்கிறதே என்று முட்டாள்தனமாய்ப் பெருமைகூடப் பட்டேன்.

பிறகு ஒரு காலையில் எங்கள் குழாய் இருமியது. காற்றுதான் வந்தது. மறுநாளும் காற்று. வீட்டுக்காரர் இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்து, "உன் தப்பு இல்லை," என்றார். ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் நாறத் தொடங்கின. ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பர் நேரிலேயே வந்துவிட்டார்.

"இந்த வாரக் கடைசிக்குள்ள வெளுத்த விரிப்பு வந்து சேரலேன்னா, ஆர்டரை வேற இடத்துக்கு மாத்திடுவாங்க. நானும் எவ்வளவுதான் தாங்கறது? நோயாளி வெறும் மெத்தையில படுத்திருக்கான்."

ஆர்டர் போனால் கடையை மூடவேண்டியதுதான். மாமியார் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, "அப்ப நாம என்ன பண்றது?" என்றார்.

முதலில் வால்வு அண்ணனைப் பிடித்தேன். எங்கள் பகுதிக் குழாய்களைத் திறந்து மூடுபவர் அவர். தோளில் நீளமான திருகுச்சாவி, கையில் வாரியம் கொடுத்த புதுக் கைப்பேசி.

"அண்ணே, ஒரு திருப்பு திருப்பிவிடுங்களேன். கண்ணு முன்னாடி வால்வு இருக்கு."

"இருக்குதான் தங்கச்சி. ஆனா போன்ல உன் தெரு வரலியே. முன்ன ஒரு தடவை பாவம் பாத்து நானா திறந்தேன், மெமோ குடுத்துட்டாங்க. இனிமே போன் சொன்னாத்தான் திறப்பேன். தலைவரே வந்து கால்ல விழுந்தாலும் போன் சொல்லணும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் மனத்தில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

வாரியத்துக்குப் போனேன். ஆவண அறையில் மேசைகள் காலியாக இருந்தன. எல்லோரும் அவரவர் கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடித்தபடி, சிக்னல் கிடைக்கும் ஜன்னலருகே முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியக்காவுக்கு மேகக் கண்காணிப்பாளர் என்று பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள். இன்னொரு ஜன்னலருகே நாற்காலி போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு வரலை," என்றார் என்னிடம்.

கிளவுட்டிடம் எழுதிக்கொண்டுபோன புகாரை நீட்டினேன். தொட மறுத்துவிட்டார்.

"காகிதம் வாங்கறதில்லைம்மா. ஆன்லைன்ல போடுங்க. உங்க தெருவைத் தேர்ந்தெடுங்க, புகாரை அழுத்துங்க, முடிஞ்சுது."

என் கைப்பேசியில் தேடினேன். ஊரிலுள்ள எல்லாத் தெருவும் இருந்தது. எங்கள் தெரு இல்லை.

"தெரு பேரே இல்லையே சார்."

அவரும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இல்லைதான்! அப்ப பிரச்சனையே இல்லையே. தெருவே இல்லாதப்ப தண்ணி எப்படிம்மா இல்லாம போகும்?"

"சார், நான் அந்தத் தெருவுலேருந்துதான் நடந்து வரேன்!"

"சிஸ்டத்துல அப்படி ஒரு தெரு கிடையாது. எதை நம்பச் சொல்றீங்க?"

எங்கள் தெருப் பேரின் முதல் சொல் 'பழைய' என்பது. அட்டவணையை மேகத்துக்கு ஏற்றும்போது தலைவர், 'பழையதை எல்லாம் நீக்கிவிடவும்' என்று எழுதியிருக்கிறார். எழுதினபடி செய்வதுதானே நிர்வாகம்? கிளவுட்டு 'பழைய' என்ற சொல்லைத் தேடி, அது இருந்த வரிகளை எல்லாம் ஒரே அழுத்தில் அழித்துவிட்டார். எங்கள் தெரு, பழைய ரயில்நிலையச் சாலை, பழைய தபால் நிலையச் சந்து, எல்லாம் காலி. இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எவ்வளவு வேகமாக முடிந்தது தெரியுமா என்று கேட்டார்.

சத்தம் கேட்டுத் தலைவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மலைப் பயணத்தில் வெயில் பட்டு மூக்கு உரிந்திருந்தது.

"என்னம்மா கலாட்டா? உங்க தண்ணி எங்கயும் போகலை. மேகத்துல பத்திரமா இருக்கு."

"மேகத்துல எப்பவும்தான் சார் இருக்கு. அதைக் கீழே இறக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "இந்த மாதிரி ஆளுங்களாலதான் நாடு முன்னேறலை," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஏதோ ரெண்டு அழுக்குத் துணிக்காக நாட்டோட முதல் மேக வாரியத்தைக் குறை சொல்றா. சனிக்கிழமை எனக்கு விருது குடுக்கறாங்க, தெரியுமில்ல? மறுபடி வெளுக்க அனுப்பியிருக்கேனே, அந்தக் கோட்டை மட்டும் கறை இல்லாம வெளுத்து வை, போ."

போ என்றார். போனேன். வழியெல்லாம் என் வாய் சும்மா இல்லை. அதை இங்கே எழுத முடியாது.

கடைக்கு வந்து விரிப்பு மூட்டைமேல் உட்கார்ந்தேன். அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது.

"அம்மா, நம்பர் வந்துச்சா?" என்றார் கிளவுட்டு, ஒன்றுமே நடக்காதது போல.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தச் செய்தியை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். எண்ணுக்கு மேலே, 'வணக்கம், உரிமையாளரே' என்று இருந்தது.

"நம்பர் இன்னும் வரலை சார்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கணக்கில் நுழைவது எனக்குப் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. என் எண்ணைப் போட்டேன், ரகசிய எண் வந்தது, அதையும் போட்டேன், திறந்துகொண்டது. ஊர்த் தண்ணீர் மொத்தமும் என் சோப்புக் கையில் இருந்தது. முதலில் எங்கள் தெருவை எழுதினேன். அப்புறம் ரயில்நிலையச் சாலை, தபால் நிலையச் சந்து. பாவம், அவர்களும் குடத்தோடு அலைந்துகொண்டிருந்தார்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றினேன். எதுவாக மாற்றினேன் என்று கேட்காதீர்கள். தலைவரைப் பற்றிய ஒரு வசவு அது.

போதும் என்று மூடியிருக்கலாம். நல்லவளாக இருந்தால் மூடியிருப்பேன். அட்டவணையின் முதல் வரி கண்ணில் பட்டது. 'தலைவர் குடியிருப்பு: நாள் முழுவதும்.' ஊருக்கே தெரிந்த சங்கதிதான். ஆனாலும் எழுத்தில் பார்த்தபோது காது சூடாகிவிட்டது. எங்கள் தெருவை ஒரே சொல்லுக்காக அழித்தார்கள் இல்லையா? நானும் ஒரே ஒரு சொல்லைத் தேடினேன். 'தலைவர்.' அழுத்தினேன். உண்மையாகவே வேகமாக முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் வால்வு அண்ணன் தெருமுனையில் குனிந்து திருகுச்சாவியைப் போடுவது தெரிந்தது. "போன் சொல்லிடுச்சு தங்கச்சி!" என்று கத்தினார். குழாய் இருமி, செருமி, கொட்டியது. வீட்டுக்காரர் இயந்திரங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். அதற்குமுன் அவர் சிரித்து நான் பார்த்தது கல்யாணத்தன்றுதான். வாரக் கடைசிக்குள் கடைசி மூட்டை வரைக்கும் வெளுத்து, மடித்து, ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டோம். ஸ்டோர் கீப்பர் முகர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆர்டர் தப்பித்தது.

சனிக்கிழமை காலை கடைவாசலில் வாரிய வண்டி வந்து நின்றது. தலைவரும் கிளவுட்டும் இறங்கினார்கள். தலைவரின் ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து வெடித்திருந்தது. குழாய் நின்ற நாள் முதல் பீப்பாயில் இருந்த தண்ணீரில் ஓட்டினாராம். பாதிச் சவரத்தில் அதுவும் தீர்ந்துவிட்டது. நாள் முழுக்க வருகிறதே என்று இத்தனை வருடம் மேல்தொட்டியே கட்டவில்லை அவர்.

"கோட்டு எங்கே?" என்றார்.

"எந்தக் கோட்டு சார்?"

"நான் குடுத்த கோட்டு! வெள்ளைக் கோட்டு!"

"இந்தத் தெருவே கிடையாதுன்னு சிஸ்டம் சொல்லிச்சே. இல்லாத தெருவுல கடை ஏது? கடை இல்லாம கோட்டு ஏது?"

கிளவுட்டு முன்னால் வந்து குழைந்தார். "அம்மா, அதை விடுங்க. கணக்கு திறக்கமாட்டேங்குது. தலைவர் வீட்டு வரியே காணோம். வால்வு ஆள்கிட்ட கெஞ்சிப் பாத்தாச்சு, போன் சொல்லணுங்கறான். இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க போதும்."

வந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். நிதானமாகப் பார்த்தேன்.

"'இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்'னு கீழே போட்டிருக்கே சார். எழுதினபடி செய்யணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

"நான் தலைவர் சொல்றேன், சொல்லும்மா!" என்று தலைவர் கத்தினார். கத்தியதில் காய்ந்த நுரை ஒரு துண்டு உதிர்ந்தது.

"கத்தாதீங்க சார். புகார்னா ஆன்லைன்ல போடுங்க. உங்க தெருவைத் தேர்ந்தெடுங்க. அச்சச்சோ, உங்க குடியிருப்பையே காணோமே." பிறகு, இதற்காகவே இத்தனை நாள் சேர்த்துவைத்திருந்ததைச் சொன்னேன். "கவலைப்படாதீங்க. உங்க தண்ணி எங்கயும் போகலை. மேகத்துல பத்திரமா இருக்கு."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவருக்கா மேகம்? முகமெல்லாம் வெடிச்சிருக்கு, பாவம். முத்திப்போச்சு."

கோட்டை எடுத்துக் கொடுத்தேன். வெளுக்கவில்லை. காப்பிக் கறை மார்பில் அப்படியே இருந்தது. அதோடு, அந்தப் பாதிக் கன்னத்தோடு, மேடையேறி விருது வாங்கினார். கூட்டத்தில் நானும் முன்வரிசையில் இருந்தேன். தவறு செய்தவரை யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒப்பற்ற அமைப்பை உருவாக்கியிருப்பதாக அவர் பேசினார். எல்லோரையும்விட பலமாகக் கைதட்டியது நான்தான்.

பிறகு விசாரணைக் குழு போட்டார்கள். போடாமல் இருப்பார்களா? யார் அழித்தது என்று தேடினார்கள். கணக்கின் உரிமையாளர் யாரென்று சொல்லவேண்டுமானால், சலவைக்காரியின் எண்ணைக் கொடுக்கச் சொன்னது யாரென்றும் சொல்லவேண்டும். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். 'மேகத்தில் ஏற்பட்ட இயற்கை மாற்றம்' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

தராசு திரும்பி வந்துவிட்டது. தலைவரே தோளில் சுமந்துவந்து மேசைமேல் வைத்தார். வில்லையையும் தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்தார். இப்போதெல்லாம் தினமும் காலையில் வாளியோடு வந்து, "வணக்கம்மா," என்று நிற்கிறார். அவர் வீட்டுக்கும் தண்ணீர் வரும். நான் மனம் வைத்தால் வரும்.

இன்றைக்கு வைக்கவில்லை.